வெளியில் குத்துவதில்லை

1

2024 செப்ரெம்பர் 18, புதன்கிழமை. காலை 5.15க்கு எழுந்தேன். ஸுபஹுத் தொழுகை, தேநீர், பட்டர் பூசிய இரண்டு துண்டு பாண். வெளியே பதினொரு பாகை. 6.22 பஸ்ஸில் ஏறி 6.51க்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். அடையாள அட்டை, கைகழுவல், கீழ்த்தளம், இடது பக்கம் நான்காவது அறை.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் இதே திகதியில்தான் ஜேர்மனியில் வந்து இறங்கினேன். ஒவ்வொரு வருடமும் இந்தத் திகதிக்குக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் கூடுதலாக எழுதுவேன். சென்ற வருடம் மகள் படிப்புக்காக வேறு நகரம் போனதை எழுதினேன். அதற்கு முந்திய வருடம் பல்வலி. இந்த வருடம் ஒரு பக்கம் போதவில்லை. எழுதியதை ஒழுங்குபடுத்தி ஊரில் உள்ளவர்கள் வாசிப்பதற்காகத் தருகிறேன். இதில் வரும் பெண்ணிடம் அனுமதி கேட்டேன். "பேர மாத்திப்போட்டு எழுதுங்க, ஊர மாத்தாதீங்க" என்றார். ஆகவே அவரைப் பரீனா என்கிறேன்.

என் வேலை என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது: புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் இடத்தில் அளவுகள் சரியா என்று பார்ப்பது. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவது ஒரு முறை. உடம்புக்குள்ளேயே கதிரைக் கொண்டுபோய் வைப்பது இன்னொரு முறை. மார்பில் கட்டி எடுத்த பிறகு, அந்த இடத்தின் குறுக்காக மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை ஊடுருவி வைப்பார்கள். கதிர் வீசும் சிறு மணி ஒன்று ஒவ்வொரு குழாய்க்குள்ளும் போய், கணக்கிட்ட இடங்களில் கணக்கிட்ட விநாடிகள் நின்று, திரும்பி வரும். ஐந்து நாளில் ஒன்பது முறை. குழாய்கள் அந்த ஐந்து நாளும் உடம்பிலேயே இருக்கும்.

குழாய் நகர்ந்தால் கதிரும் நகரும். ஆகவே ஒவ்வொரு முறைக்கும் முன்னால் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க ஒரு கருவி வைத்திருக்கிறோம். கட்டிலின் கீழே ஒரு பலகை. அது மெல்லிய காந்தப்புலத்தை உண்டாக்கும். நுனியில் உணரி உள்ள ஒரு கம்பியைக் குழாய்க்குள் செலுத்தி இழுத்தால், அது போன பாதையைக் கணினி வரையும். நோயாளி மூச்சு விடுவதால், மார்புத் தோலில் மூன்று சிறு உணரிகளை ஒட்டி, எல்லாவற்றையும் அவற்றிலிருந்தே அளக்கிறோம். அந்த மூன்றில் ஒன்று பொய் சொன்னால் எல்லாக் குழாய்களும் நகர்ந்தது போலத் தெரியும்.

இந்தக் கருவி பொய் சொல்லவில்லை என்று கையெழுத்து வைப்பவள் நான்.

2

பரீனாவுக்கு வயது நாற்பத்து நான்கு. வலது மார்பில் பதினான்கு குழாய்கள். திங்கட்கிழமை காலை முதல் அளவெடுப்பு. உணரிகள் ஒட்டியதைச் சரிபார்க்க அறைக்குள் போனேன். குழாய்களுக்குள் கம்பி செலுத்தும் வேலை உவே என்பவருடையது. ஐம்பத்தெட்டு வயது, கைநடுக்கம் இல்லாத, அதிகம் கதைக்காத மனிதர். அவர் அறையில் நின்றதால் பரீனா தலையையும் இடது பக்கத்தையும் சால்வையால் மூடி, வலது மார்பு மட்டும் தெரியப் படுத்திருந்தார். என் சட்டையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஜெஸீமா... நீங்க எங்கட ஆள்தானே?"

"ஓம்."

"எந்த ஊரு?"

"புத்தளம். தில்லையடி."

"தில்லையடியா? அப்ப தொண்ணூறுல வந்தாக்களா?"

"ஓம். மன்னாரில இருந்து." தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளம் வந்தது.

"நான் ஆலங்குடா. நீங்க வந்துதான் எங்கட கெணத்துத் தண்ணியெல்லாம் குடிச்சு முடிச்சீங்க எண்டு வாப்பா செல்லுவாரு."

"உப்புத் தண்ணியத் தந்துபோட்டு அதுக்குக் கணக்கும் வெச்சிருந்தீங்களா?"

சிரித்தார். சிரிப்பில் குழாய்கள் இழுபட்டிருக்க வேண்டும், முகம் சுருங்கியது. "அல்லாஹ்வே, சிரிக்க வெக்காதீங்க. நீங்க அண்டைக்கு அங்க அகதி. நான் இண்டைக்கு இங்க அகதி. செரியாப் போச்சு."

அவ்வளவுதான். தாதி என்னைப் பார்த்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. ஊழியர் எவரும் நோயாளிக்கு மொழிபெயர்க்கக் கூடாது, சிகிச்சை பற்றி வேறு மொழியில் கதைக்கக் கூடாது. தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் எல்லாம். அந்த வசதி காலை எட்டு மணிக்குத் திறக்கும். விதியில் நியாயம் இருக்கிறது. உறவுக்காரர், ஊர்க்காரர் மொழிபெயர்த்தால் மறைப்பார்கள், கூட்டிச் சொல்வார்கள். வருடம் தவறாமல் அந்தத் தாளிலும் நான் கையெழுத்து வைக்கிறேன்.

பரீனா இருக்கும் ஊர் இங்கிருந்து எழுபது கிலோமீற்றர். வெளியிலிருந்து கதிர் கொடுப்பதானால் வாரக்கணக்கில் தினமும் வந்துபோக வேண்டும். கணவருக்குக் களஞ்சியத்தில் வேலை, லீவு எடுக்க வழியில்லை. ஐந்தே நாளில் முடியும் என்றதால்தான் பதினான்கு குழாய்களுக்குச் சம்மதித்திருந்தார். விரல்களைக் காட்டித் தாதியிடம் "ஐந்து, ஐந்து" என்று ஜேர்மன் மொழியில் சொன்னதை நான் கேட்டேன்.

3

அளவுகளை என் குறிப்பேட்டில் இருந்து அப்படியே தருகிறேன். திங்கள் காலை ஆகக் கூடிய விலகல் 0.8 மில்லிமீற்றர். பிற்பகல் 0.9. செவ்வாய் காலை 0.8. செவ்வாய் பிற்பகல் 2.7.

எங்கள் எல்லை மூன்று. 2.7 எல்லைக்குள்தான். நான்காவது முறைக் கதிர் கொடுக்கப்பட்டது. ஆனால் நான் அந்த எண்ணுக்குக் கீழே கோடு போட்டேன்.

புதன் காலை 8.30க்கு மறுபடி அளந்தார்கள். 3.6. கதிரை நிறுத்தினார்கள். 8.50க்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

இப்படி ஓர் அளவு வந்தால் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, குழாய்கள் உண்மையாக நகர்ந்துவிட்டன. அல்லது கருவி பிழை. கருவி பிழையாக இருக்க, அதைச் சரி என்று நினைத்துக் கதிர் கொடுக்காமல் விட்டால் சிகிச்சை போகும். கருவி பிழை என்று நினைத்துக் கதிர் கொடுத்து, குழாய்கள் உண்மையில் நகர்ந்திருந்தால், கதிர் தோலிலும் விலா எலும்பிலும் போய் நிற்கும். ஆற நாளெடுக்கும் புண், சில வேளை ஆறாத புண்.

சோதனைக் கட்டையை எடுத்தேன். அது ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் கட்டை. உள்ளே பன்னிரண்டு துளைகள், ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று நுணுக்கமாகத் தெரிந்தவை. பரீனாவை வேறு கட்டிலுக்கு மாற்றி, அதே பலகையின் மேல் கட்டையை வைத்து அளந்தேன். 0.6. இன்னொரு முறை 0.6. கம்பியை மாற்றி 0.5.

கருவி சரி. கையெழுத்து வைத்தேன், 9.40.

என் வாப்பா புத்தளம் உப்பளத்தில் உப்புநீரின் அடர்த்தி பார்க்கும் வேலை செய்தவர். ஒரு கண்ணாடிக் குழலைப் போத்தலில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, நீரை அடுத்த பாத்திக்கு விடச் சொல்வார். ஒரு முறை பாத்தி முழுக்கக் கெட்டுப்போனது. குழலைக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். குழல் சரி. போத்தலின் அடியில் சேறு காய்ந்திருந்தது, குழல் அதில் தட்டி நின்றிருக்கிறது. குழலைச் சோதித்தவர்கள் வேறு போத்தலில் சோதித்திருந்தார்கள். இது நினைவுக்கு வந்தது பிறகுதான். அன்று காலை எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. கட்டைக்குச் சால்வை கிடையாது என்று நான் யோசிக்கவில்லை.

மூன்று உணரிகளுக்கு இடையிலான தூரத்தைப் பார்த்தேன். நடு நெஞ்சில் ஒட்டிய இரண்டாவது உணரி மற்ற இரண்டிலிருந்தும் மூன்று மில்லிமீற்றர் விலகியிருந்தது. மார்பு வீங்கினால் அப்படி நடக்கும். குழாய்கள் தோலுக்கு வெளியே நீட்டி நிற்கும் நீளத்தை உவே அளவுகோலால் அளந்தார். ஒன்றும் மாறவில்லை. உள்ளே வீங்கினால் வெளி நீளம் மாறாமலும் இருக்கலாம்.

தலைமை மருத்துவர் வந்தார். அவசரப்படாத பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னைத் தனியே கூப்பிட்டுத் தயங்கிக் கேட்டார்: "இவர் தொழும்போது நிலத்தில் நெற்றி வைப்பாரா? குனிந்தால் குழாய்கள் தொங்கி இழுபடும்."

அந்தக் கேள்வி எனக்கும் காலையிலேயே வந்திருந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டேன். மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்கச் சொன்னேன். கேட்டார்கள். முதல் நாளிலிருந்து நிலத்தில் குனியாமல் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறாராம். வருத்தக்காரருக்கு மார்க்கத்தில் அது ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

பிற்பகல் 3.30க்கு மறுபடி அளந்தார்கள். 4.1.

4

இங்கே ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். என் பிறந்த நாள் ஒக்டோபர் 11 என்று கடவுச்சீட்டில் இருக்கிறது. நான் ஒக்டோபரில் பிறக்கவில்லை.

தொண்ணூறில் நாங்கள் புத்தளம் வந்து சேர்ந்தபோது என்னிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. எதையும் எடுத்துவர விடவில்லை. பதிவு எழுதிய உத்தியோகத்தர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் தெரியும். மகள் எப்போது பிறந்தவள் என்று உம்மாவிடம் கேட்டார். "மவுலூது மாசம் பதினொண்டு" என்றார் உம்மா. மவுலூது என்பது நபி பிறந்த மாதம், பிறைக் கணக்கு, வருடாவருடம் பதினொரு நாள் முந்தி வரும். அந்த வருடம் அது ஒக்டோபரை ஒட்டி வந்திருந்தது. பக்கத்தில் நின்ற யாரோ "ஒக்டோபர்" என்றார்கள். எழுதினார். நான் பிறந்த வருடம் மவுலூது மாதம் வந்தது ஏப்ரலை ஒட்டி என்று பிற்காலத்தில் கணக்குப் பார்த்தேன். திருத்தப் போனால் எல்லா அலுவலகத்திலும் ஒரே பதில்: இங்கே இப்படித்தானே இருக்கிறது?

உம்மா சொன்னது சரி. எழுதியவரும் பொய் எழுதவில்லை. ஆனால் தாளில் ஏறியது வேறு. இந்த நாட்டில் ஒவ்வொரு ஒக்டோபரும் சக ஊழியர்கள் எனக்குக் கேக் கொண்டுவருகிறார்கள். நான் மெழுகுவர்த்தியை ஊதுகிறேன்.

5

புதன் பிற்பகல் 4.10க்குக் கூட்டம். தலைமை மருத்துவர், உவே, தாதி, நான். அன்று காலை மொழிபெயர்ப்பாளருடன் நடந்த உரையாடலின் சுருக்கத்தைத் தாதி ஜேர்மன் மொழியில் எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண், தெளிவான குரல், மரியாதையாகக் கதைப்பவர். காலையில் நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டையுடன் நின்றதால் உரையாடலைக் கேட்கவில்லை. தாளில் இருந்தது மூன்று வரி.

செவ்வாய் மதியம் தாதி ஒருவர் நோயாளியுடன் பேசினார்.

அதன் பிறகு வெளியில் குத்துவதில்லை, உள்ளேதான் குத்துகிறது.

உடம்பில் ஊசி ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கு: இன்று காலை கையில் ஒன்று போட்டார்கள்.

மூன்றாவது வரியில் உவே லேசாகச் சிரித்தார். கேள்வி உலோகப் பொருள் பற்றியது. அச்சிட்ட படிவத்தில் 'உலோகம்' என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்று அடையாளம் போட்டிருந்தார் பரீனா. தாலி, காப்பு, பல், எலும்பில் தகடு எதுவும் இல்லை. சரி.

தலைமை மருத்துவர் இரண்டாவது வரியில் விரலை வைத்தார். "வலி மேலிருந்து உள்ளே போயிருக்கிறது. செவ்வாய் மதியத்திலிருந்து. அளவு மாறியதும் அப்போதிருந்துதான். உள்ளே வீக்கம், குழாய்களைத் தள்ளுகிறது."

"சீ.ரி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமே" என்றேன்.

"இயந்திரம் பழுதுபார்ப்பில். வெள்ளிக்கிழமைதான். இன்று அவருக்கு 37.9 காய்ச்சல். வீங்கிய இடத்தில் பதினான்கு குழாய்களை இன்னும் இரண்டு நாள் வைத்திருக்க நான் விரும்பவில்லை." என்னைப் பார்த்தார். "உங்கள் கருவி சரிதானே?"

"கருவி சரி."

"அப்படியானால் நாளை காலை எட்டு மணிக்கு முதல் வேலையாகக் குழாய்களைக் கழற்றுகிறோம். மிச்சத்தை வெளியிலிருந்து கொடுப்போம்."

நான் வைத்த கையெழுத்துத்தான் அந்த முடிவுக்கு அத்திவாரம். என்னால் மறுக்க முடியவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அப்படிப் பொருந்தியதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

6

5.02 பஸ். ஜன்னலோரம். மூன்று வரிகளையும் மனதில் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஒரு பெண் வலியைப் பற்றிச் சொல்ல வரும்போது, தாதி ஒருவர் தன்னுடன் பேசியதை எதற்காகச் சொல்ல வேண்டும்? தாதிகள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

மூன்றாவது தரிப்பில் விளங்கியது. அவர் தமிழில் என்ன சொல்லியிருப்பார்? "அந்த நேர்ஸ் பேசினா." எங்கள் பக்கம் கதைப்பது வேறு, பேசுவது வேறு. உம்மா கதைத்தால் சந்தோஷம். உம்மா பேசினால் நாங்கள் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். தாதி பரீனாவை ஏசியிருக்கிறார். தமிழ்நாட்டில் பேசினார் என்றால் பேசினார் மட்டும்தான். மொழிபெயர்ப்பாளரில் பிழை இல்லை.

எதற்காக ஏசினார்? அதன் பிறகு "வெளியில் குத்துவதில்லை" என்றால்?

'குத்துது' என்று சொன்னாரா, 'குத்துறது' என்று சொன்னாரா? ஜேர்மன் வரியில் இருந்து தமிழைத் திரும்ப எடுக்க முயன்றேன். வரவில்லை. குத்துவது என்றால் எனக்கும் வலிதான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தால் எல்லா வார்த்தையும் நோயாகிவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் 5.40க்குத் தில்லையடியில் இருக்கும் என் ராத்தாவுக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே இரவு 9.10. அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர்.

"என்ன புள்ள, இந்த நேரத்துல? எல்லாரும் சொகமா?"

"சொகம் ராத்தா. ஒரு கேள்வி."

"நான் நாளைய கந்தூரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டு இரிக்கிறேன். கண்ணெல்லாம் எரியுது. கெதியாக் கேளு."

"ஒரு பொம்புள, 'வெளியில குத்துறல்ல, உள்ளுக்குத்தான்' எண்டு செல்றா. என்னத்தச் செல்றா?"

"யாரு அந்தப் பொம்புள?"

"யாரோ. சும்மா வெச்சிக்கோங்க."

"சும்மா வெச்சிக்கவா? ரெண்டு மாசமாக் கோல் இல்ல, இப்ப எடுத்துச் சும்மாக் கேக்கிறா. என்னத்தச் செல்ற, பின்னத்தான்."

"எந்தப் பின்ன?"

"சட்டப்பின்ன புள்ள! சால்வக்கிக் குத்துற பின்ன. வெளியில குத்தினா பளபளண்டு தெரியும், புள்ளையத் தூக்கினா கீறும். அதுக்குத்தான் உள்மடிப்புல குத்துற. நீ ஒரு தொப்பி மாதிரி ஒண்டத் தலையில இழுத்து உட்டுக்கிட்டுத் திரியிற ஆளு. உனக்கு எங்க வெளங்கப் போகுது? ஹலோ? புள்ள? கேக்குதா?"

கேட்டது. கைப்பையில் குறிப்பேட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அழுறியா?"

"இல்ல ராத்தா. வெங்காயம் உரிக்கிறது நீங்கதானே."

"பேச்சப் பாரு. படிச்சாலும் வாய் அடங்கல்ல."

நடந்தது இப்படி இருக்க வேண்டும் என்று எழுதினேன். திங்களும் செவ்வாய் காலையும் பரீனா பின்னைத் தோள்பக்கம், வெளியில் குத்தியிருந்தார். உணரிகளுக்குத் தூரம். செவ்வாய் மதியம் அது தாதியின் கையுறையைக் கிழித்திருக்கும், தாதி ஏசியிருப்பார். கழற்றினால் சால்வை நழுவும், அறையில் உவே நிற்பார், அளக்கும்போது பரீனாவின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருக்க வேண்டும். ஆகவே உள்மடிப்பில், யாருக்கும் கீறாமல், நடு நெஞ்சில் குத்தியிருக்கிறார். இரண்டாவது உணரிக்குப் பக்கத்தில். ஒரு துண்டு இரும்பு காந்தப்புலத்தை வளைக்கப் போதும். 'உலோகம்' என்றதும் அவருக்குப் பின் நினைவுக்கு வரவில்லை. ஊசி என்றதும் மருந்துதான் வந்தது. கேட்ட எல்லாக் கேள்விக்கும் உண்மையையே சொல்லியிருக்கிறார்.

எல்லாம் பொருந்தியது. ஆனால் பிற்பகல் தலைமை மருத்துவர் சொன்னதும் இதே போலப் பொருந்தியிருந்தது. நம்முடைய ஊர்ப் பெண் என்பதற்காக நான் இந்த விளக்கத்தை விரும்புகிறேனா? காய்ச்சல் உண்மை. வீக்கமும் உண்மையாக இருக்கலாம். நான் பிழை என்றால், ஆலங்குடாப் பெண்ணின் விலா எலும்பில் நானே கதிரை வைத்தது போல.

6.15க்குத் தலைமை மருத்துவருக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் கேட்டார்.

"உங்கள் அக்கா இலங்கையில் சொன்னதை வைத்து நான் சிகிச்சை கொடுக்க முடியாது" என்றார்.

"தெரியும்."

"எட்டு மணிக்குமுன் எனக்கு ஓர் அளவு வேண்டும். பின்னுடன் ஒன்று, பின் இல்லாமல் ஒன்று."

"மொழிபெயர்ப்பாளர் எட்டு மணிக்குத்தான் வருவார்."

"அதுவும் எனக்குத் தெரியும்" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டார்.

மகளுக்குச் செய்தி அனுப்பினேன்: 'சட்டைப்பின் என்றால் என்ன தெரியுமா?' ஜேர்மன் மொழியில் பதில் வந்தது: 'உம்மா, பரீட்சை. நாளைக்கு.' இரவுச் சாப்பாடு சாப்பிட்டேனா என்று குறிப்பேட்டில் இல்லை.

7

செப்ரெம்பர் 19, வியாழக்கிழமை. ஒரு பஸ் முந்தி எடுத்து 6.31க்கு ஆஸ்பத்திரி. உவே ஏழு மணிக்கு வர வேண்டியவர், 6.40க்கே வந்து நின்றார். தலைமை மருத்துவர் சொன்னாராம். பரீனாவைக் கட்டிலோடு கீழே கொண்டுவந்தார்கள். அவர் முகம் தூங்காத முகம். சால்வை இறுக்கமாக, மேலே ஒரு பின்னும் தெரியாமல்.

முதலில் அப்படியே அளந்தோம். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. 4.0.

பிறகு உவேயைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னேன். மணி 6.58. விதியை மீறுவதை அந்த நேரத்தோடு சேர்த்தே குறிப்பேட்டில் எழுதிவிட்டு, கட்டிலருகே போனேன்.

"பரீனா, பின்ன எங்க குத்தியிரிக்கிறீங்க?"

அவர் கண்கள் அகன்றன. "அத யாரு உங்களுக்குச் செல்லின? உள்ளுக்குத்தான் குத்தியிரிக்கேன். ஒருத்தருக்கும் கீறாது. நீங்களும் பேசாதீங்க."

"நான் பேச வரல்ல. அந்தப் பின்தான் கருவிக்குப் பொய்யக் காட்டுது. அதக் கழட்டித் தாங்க."

"இந்தச் சின்னப் பின்னா?" உள்மடிப்பில் விரலை விட்டார். இரண்டாவது உணரிக்கு ஒரு விரல் தூரம்கூட இல்லை. கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "இதாலயா என்ட குழாயெல்லாம் கழட்டப்போற எண்டு ராவெல்லாம் அழுதிட்டுக் கிடந்தேன்?"

"தெரியாது. இப்பதான் பாக்கணும்."

"அவரு வருவாரே. கை ரெண்டும் மேல. சால்வ நழுவிப்போகும்."

ஒட்டும் பிளாஸ்டர் தேடினேன். அறையில் இருந்தது உணரிகளுக்கான சிறு வட்டங்கள் மட்டும். மேல்மாடிக்குப் போய்வர நேரமில்லை. மணிக்கூட்டைக் கழற்றினேன். மோதிரத்தைக் கழற்றினேன், சவர்க்காரம் போட வேண்டியிருந்தது. பெயர்த்தகட்டின் பின்பக்கம் இரும்பு, அதையும் கழற்றினேன். பின் உட்பட எல்லாவற்றையும் அடுத்த அறை மேசையில் வைத்துவிட்டு வந்து, சால்வையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து, அவர் கழுத்துக்குக் கீழே என் வலது கையால் பிடித்தேன். உவேயைக் கூப்பிட்டேன்.

உவே என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கம்பியை முதலாவது குழாய்க்குள் செலுத்தி இழுத்தார். எனக்குக் கணினித் திரை தெரியவில்லை. முதுகு காட்டி நின்றேன். அவர் எண்களை வாசித்தார்.

"ஒன்று, 0.5. இரண்டு, 0.4."

என் விரல்களின் கீழ் பரீனாவின் மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. ஆறாவது குழாயில் கம்பி சிக்கி, மறுபடி செலுத்தினார். ஏழு, 0.7. எட்டு, 0.6. என் கை மரத்துப்போனது. மாற்றிப் பிடிக்கப் பயந்தேன். பதினான்காவது முடிந்தபோது 7.34.

"ஆகக் கூடியது 0.7" என்றார் உவே.

தலைமை மருத்துவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. இரண்டு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, கையுறை போட்டு, மார்பைத் தானே அழுத்திப் பார்த்தார். காய்ச்சல் கேட்டார். 37.2.

"ஐந்தாவது முறையைக் கொடுங்கள்" என்றார்.

பரீனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன செல்றாங்க?"

"குழாய் கழட்டல்லயாம். கதிர் தரப் போறாங்க. சனிக்கிழம முடியும்."

அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"அப்ப சால்வைய உட்டுறாதீங்க."